டிராமில் ஏற மறுத்த ஊர்: ஐடா பி. வெல்ஸ்

ஜேம்ஸ் வெல்ஸ் நல்ல தச்சர். அமெரிக்காவின் தென்பகுதியில், மிசிசிப்பி மாநிலத்து ஹாலி ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில், போலிங் என்ற வெள்ளைக்காரக் கட்டட ஒப்பந்ததாரரிடம் அடிமைக் காலத்திலேயே தொழில் பழக விடப்பட்டவர். 1865ல் அடிமைமுறை ஒழிந்தது. அதன் பிறகும் அதே முதலாளியிடம் கூலிக்கு வேலை பார்த்தார். குடும்பத்தோடு குடியிருந்ததும் அவருடைய இடத்தில்தான். சில ஆண்டுகளில் கறுப்பின ஆண்களுக்கு ஓட்டுரிமை வந்தது. ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுப் போடும்படி போலிங் சொன்னார். அன்றைக்கு அது தென்பகுதியின் பழைய அடிமை முதலாளிகளுடைய கட்சி. ஜேம்ஸ் தன் மனம் போலவே ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பினார். பட்டறை பூட்டிக் கிடந்தது.

அவர் யாரிடமும் முறையிடவில்லை, சண்டைக்கும் போகவில்லை. கடைத்தெருவுக்குப் போய்ப் புதிதாகக் கருவிகள் வாங்கினார். தெருவுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார். மனைவி மக்களை அங்கே கூட்டிப் போய்விட்டார். போலிங் வந்து பார்த்தபோது வேலைக்காரரும் இல்லை, குடித்தனக்காரரும் இல்லை.

துணிச்சல் மட்டும் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. ஜேம்ஸின் கையில் தொழில் இருந்தது, கருவி வாங்கக் காசு இருந்தது, வீடு தர இன்னொருவர் இருந்தார். இந்த மூன்றும் இருந்ததால்தான் முதலாளியிடம் முடியாது என்று சொல்ல முடிந்தது. இந்தத் தச்சரின் மூத்த மகள்தான் ஐடா பி. வெல்ஸ். பத்திரிகையாளர், ஆசிரியை, கறுப்பின மக்களை அடித்துக் கொன்று தொங்கவிட்ட வெறிக்கூட்டங்களின் கணக்கை ஊர் ஊராக எழுதி உலகத்துக்குக் காட்டியவர். அப்படித்தான் அவரை நாம் அறிவோம். கடைக்காரர், ரயில் கம்பெனி, டிராம் கம்பெனி, பருத்தி முதலாளி என்று காசு வாங்கும் இடங்களோடு அவர் நடத்திய போராட்டம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

ஐடா பிறந்தது 1862 ஜூலை 16. பிறக்கும்போது அவரும் அடிமைதான். அவருக்கு 16 வயதானபோது, 1878ல், மஞ்சள் காய்ச்சல் அந்த வட்டாரத்தையே வாரிக்கொண்டு போனது. அப்பாவும் அம்மாவும் கைக்குழந்தையான தம்பியும் இறந்தார்கள். பாட்டி வீட்டுக்குப் போயிருந்ததால் ஐடா தப்பினார். மிஞ்சியது அவரையும் சேர்த்து ஆறு பிள்ளைகள். ஊர்ப் பெரியவர்கள் கூடி, ஆளுக்கு ஒரு பிள்ளை என்று பிரித்துக் கொடுக்கப் பார்த்தார்கள். அக்காவாகிய ஐடா சம்மதிக்கவில்லை. பாவாடையின் நீளத்தைக் கூட்டி, வயதைக் கூட்டிக் காட்டி, கிராமத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் மாதம் 25 டாலர் சம்பளத்துக்கு ஆசிரியையாகச் சேர்ந்தார். பள்ளிக்கூடம் ஆறு மைல் தொலைவு. கோவேறு கழுதை மேல்தான் போக்குவரத்து. வார இறுதியில் வீட்டுக்கு வந்து துணி துவைத்து, சமைத்து வைத்துவிட்டுத் திரும்பிப் போவார்.

சில ஆண்டுகள் கழித்துக் கடைசித் தங்கைகள் இருவரோடு டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரத்துக்கு வந்தார். அங்கே உறவினர் வீடு இருந்தது. அங்கிருந்து பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு ரயிலில் போய் வந்தார். அந்த ரயிலில்தான் முதல் மோதல்.

அன்றைய ரயில்களில் முதல் வகுப்பு டிக்கெட் வாங்கிய பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டு. முன்னால் இருக்கும் இன்னொரு பெட்டியில் புகையிலைப் புகையும் குடிகாரர்களும். கறுப்பினத்தவர் எந்த டிக்கெட் வாங்கினாலும் அந்தப் பெட்டிக்குத் தள்ளும் வழக்கம் வந்துகொண்டிருந்தது. 1884ல் ஒரு நாள் ஐடா முதல் வகுப்பு டிக்கெட் வாங்கிப் பெண்கள் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். முன் பெட்டிக்குப் போகும்படி கண்டக்டர் சொன்னார். ஐடா மறுத்தார். கண்டக்டர் கையைப் பிடித்து இழுத்தார். ஐடா அவர் கையைக் கடித்துவிட்டார். முன் இருக்கையில் காலை ஊன்றிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தார். கண்டக்டர் இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்து அவரை இழுத்துப் போனார். பெட்டியிலிருந்த வெள்ளையர்கள் கைதட்டினார்கள். முன் பெட்டிக்குப் போவதைவிட இறங்குவதே மேல் என்று அடுத்த நிலையத்தில் கிழிந்த உடையோடு இறங்கினார். டிக்கெட்டை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டார். வழக்குப் போட்டார்.

அந்த நேரத்துச் சட்ட நிலைமையை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். விடுதி, நாடக அரங்கு, ரயில், படகு ஆகியவற்றில் நிறம் பார்த்து யாரையும் மறுக்கக் கூடாது என்று 1875ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டிருந்தது. 1883 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. அரசியல் சட்டம் அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் தொழில் நடத்துபவர் யாரைச் சேர்ப்பார், யாரை விலக்குவார் என்பதில் அது தலையிடாது என்பது தீர்ப்பின் சாரம். கடை என்னுடையது, யாருக்கு விற்பது என்பது என் விருப்பம் என்ற பேச்சுக்கு நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமே முத்திரை வைத்துக் கொடுத்த காலம் அது.

ஐடாவின் வழக்கு வேறு வழியில் போனது. முதல் வகுப்புக்கு என்னிடம் காசு வாங்கினீர்கள், முதல் வகுப்பு இடத்தைத் தரவில்லை என்பதுதான் அவர் வாதம். முதலில் வைத்த கறுப்பின வக்கீலை ரயில் கம்பெனி விலைக்கு வாங்கிவிட்டது என்று ஐடா பின்னால் எழுதினார். வேறு வக்கீல் வைத்தார். சமரசமாகப் போய்விடலாம் என்று கம்பெனி தூது விட்டதையும் ஏற்கவில்லை. 1884 டிசம்பரில் கீழ் நீதிமன்றம் அவருக்கு 500 டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஓர் ஆசிரியைக்கு அது பெரிய தொகை.

கம்பெனி மேல்முறையீடு செய்தது. 1887ல் டென்னசி உச்ச நீதிமன்றம் தீர்ப்பைத் தலைகீழாக மாற்றியது. முன் பெட்டியும் நல்ல பெட்டிதான், இந்தப் பெண் வசதியான இருக்கைக்காக வரவில்லை, கம்பெனிக்குத் தொல்லை கொடுக்கவே வந்தார் என்று நீதிபதிகள் முடிவு கட்டினார்கள். 500 டாலர் போனது மட்டுமல்ல, 200 டாலருக்கு மேல் வழக்குச் செலவும் அவர் தலையில் விழுந்தது. சட்டம் தன் மக்களின் பக்கம் நிற்கும் என்று அதுவரை மனமார நம்பியிருந்ததாகவும், அன்று அந்த நம்பிக்கை உடைந்ததாகவும் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அவருக்கு அப்போது 24 வயது.

வழக்கைப் பற்றி ஒரு தேவாலயப் பத்திரிகையில் எழுதப் போய்த்தான் ஐடா எழுத்தாளரானார். 1889ல் மெம்ஃபிஸில் வெளிவந்த ஃப்ரீ ஸ்பீச் பத்திரிகையில் பங்குதாரராகச் சேர்ந்தார். சம்பளத்துக்கு எழுத மாட்டேன், பங்கு கொடுத்தால் வருகிறேன் என்று சொல்லி, காசு கொடுத்துப் பங்கு வாங்கிச் சேர்ந்தார். அப்பாவின் பெண் அல்லவா!

கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்கள் இருக்கும் நிலையைப் பற்றி 1891ல் எழுதினார். பள்ளி நிர்வாகம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. அதற்குப் பிறகு பத்திரிகைதான் பிழைப்பு. ஊர் ஊராகப் போய்ச் சந்தா சேர்த்தார். வாசகர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கூடிக் கேட்பார்கள். படிக்கத் தெரியாதவர் ஃப்ரீ ஸ்பீச் கேட்டால் வேறு பத்திரிகையைக் கொடுத்து ஏமாற்றுவதாகத் தெரிய வந்தது. அதனால் பத்திரிகையை இளஞ்சிவப்புத் தாளில் அச்சடித்தார்கள். எழுத்து தெரியாதவரும் நிறத்தைப் பார்த்துத் தன் பத்திரிகையைக் கேட்டு வாங்கலாம். தனக்கு வேண்டியதைத் தானே பார்த்து வாங்கும் உரிமை எழுத்தறியாதவருக்கும் உண்டு என்று நினைத்த பத்திரிகை அது.

இனி வருவதுதான் அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்ட சம்பவம்.

மெம்ஃபிஸ் நகர எல்லையை ஒட்டி, டிராம் தண்டவாளம் வளைந்து திரும்பும் ஓர் இடம். அந்தக் குடியிருப்புக்கே வளைவு என்று பேர். கறுப்பின மக்கள் நிறையப் பேர் வாழ்ந்தார்கள். அங்கே பேரட் என்ற வெள்ளைக்காரரின் மளிகைக் கடை மட்டும் இருந்தது. சொன்னதுதான் விலை. தாமஸ் மாஸ் என்ற கறுப்பினத் தபால்காரர் நண்பர்களோடு சேர்ந்து பங்கு போட்டு எதிரே ஒரு கடை திறந்தார். பேர் மக்கள் மளிகை. பகலில் தபால் கொடுப்பார், இரவில் கடையில் கணக்குப் பார்ப்பார். மாஸும் அவர் மனைவியும் ஐடாவுக்கு மிக நெருங்கியவர்கள். அவர்களுடைய சின்ன மகளுக்கு ஐடாதான் ஞானத்தாய்.

சனங்கள் இந்தக் கடைக்கு வந்தார்கள். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. வாடிக்கையாளர்கள் தங்கள் விருப்பத்தில் கடை மாறினார்கள், அவ்வளவுதான். வியாபாரத்தில் இது அன்றாடம் நடப்பது. விலையைக் குறைக்கலாம், நல்ல சரக்கு வைக்கலாம், மரியாதையாகப் பேசலாம். பேரட் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார்.

1892 மார்ச் மாதத் தொடக்கத்தில் கோலி விளையாடிய சிறுவர்களிடையே சண்டை வந்தது. கறுப்பினச் சிறுவர்களும் வெள்ளைச் சிறுவர்களும். பெரியவர்கள் தலையிட்டார்கள், வழக்காயிற்று. மக்கள் மளிகையைத் தாக்க ஆள் திரட்டுவதாகப் பேச்சு பரவியது. நகர எல்லைக்கு வெளியே இருப்பதால் போலீஸ் காவல் கிடைக்காது என்று சொன்னதால், கடைக்காரர்களே துப்பாக்கியோடு காவல் இருந்தார்கள். மார்ச் 5 சனிக்கிழமை இரவு சாதாரண உடையில் ஆயுதங்களோடு ஒரு கும்பல் கடையின் பின்வாசல் வழியாக வந்தது. உள்ளேயிருந்தவர்கள் சுட்டார்கள். மூன்று வெள்ளையர் காயப்பட்டனர். வந்தவர்கள் சட்டக் காவலர்கள் என்று பிறகு சொல்லப்பட்டது. வெள்ளையர் பத்திரிகைகள் கலகம் என்று எழுதின. வீடு வீடாகப் புகுந்து கறுப்பின ஆண்களைக் கைது செய்தார்கள்.

மார்ச் 9 விடியும் முன்னர் முகமூடி அணிந்த சுமார் 75 பேர் சிறைக்குள் வந்தார்கள். தாமஸ் மாஸ், கால்வின் மெக்டவல், வில் ஸ்டூவர்ட் ஆகிய மூவரையும் நகருக்கு வெளியே ரயில் தண்டவாளப் பக்கம் கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றார்கள். தங்களுக்கு இங்கே நீதி இல்லை, மேற்கே போய்விடுங்கள் என்று தன் மக்களுக்குச் சொல்லும்படி மாஸ் கடைசியாகக் கேட்டதாக மறுநாள் செய்தி வந்தது. கும்பல் கடைக்குள் புகுந்து தின்றது, குடித்தது, எடுக்க முடியாததை நாசமாக்கியது. கடன் கொடுத்தவர்கள் கடையை மூடினார்கள். மிச்சச் சரக்கு ஏலத்துக்குப் போனது. வளைவில் மறுபடி பேரட் கடை மட்டும். கொலைக்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

ஐடா அப்போது சந்தா சேர்க்க வெளியூர் போயிருந்தார். திரும்பி வந்தபோது மாஸை அடக்கம் செய்துவிட்டார்கள். அதுவரை அவரும், ஏதோ குற்றம் செய்தவனைத்தான் ஆத்திரத்தில் கும்பல் கொல்கிறது என்றே ஓரளவு நம்பியிருந்தார். மாஸ் செய்த குற்றம் மளிகைக் கடை வைத்தது. அதிலிருந்துதான் மற்றக் கொலைகளின் காரணங்களையும் ஒவ்வொன்றாகத் துருவத் தொடங்கினார்.

ஃப்ரீ ஸ்பீச்சில் அவர் எழுதிய யோசனை எளிமையானது. நம் உயிரையும் உடைமையையும் காக்காத ஊரில் நம் காசை ஏன் செலவழிக்க வேண்டும்? காசைச் சேமியுங்கள், ஊரை விட்டுப் போங்கள்.

போனார்கள். இரண்டு பாதிரியார்கள் தங்கள் சபையையே கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு மாதத்தில் 6,000 பேர் வரை போனதாகச் சொல்லப்படுகிறது. ரயிலுக்குக் காசில்லாதவர்கள் மாட்டு வண்டியில் சாமானை ஏற்றிவிட்டு நடந்தே போனார்கள். பலர் போன இடம் ஓக்லஹாமா. அது செவ்விந்தியப் பூர்வகுடிகளிடமிருந்து வாங்கிப் பிறருக்குத் திறந்துவிட்ட மண் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அங்கே பட்டினி, நோய் என்று மெம்ஃபிஸின் வெள்ளையர் பத்திரிகைகள் பயமுறுத்தின. ஐடா தானே கிளம்பிப் போய் மூன்று வாரம் சுற்றிப் பார்த்துக் கண்டதை எழுதி அனுப்பினார்.

மெம்ஃபிஸ் கடைத்தெரு ஓய்ந்தது. போகாதவர்களும் வழிச்செலவுக்கென்று காசை முடிந்து வைத்துக்கொண்டார்கள். தவணையில் வாங்கிய பியானோ போன்ற இசைக்கருவிகளைக் கடைக்கே திருப்பிக் கொடுத்தார்கள். வைக்க இடமில்லாமல் கடைக்காரர்கள் திண்டாடினார்கள் என்று ஐடா எழுதியிருக்கிறார். வெள்ளையர் வீடுகளில் சமைக்க, துவைக்க ஆள் கிடைக்கவில்லை. எல்லாவற்றையும்விட அடி விழுந்தது டிராம் கம்பெனிக்கு. கறுப்பின மக்கள் டிராமில் ஏறுவதை விட்டுவிட்டு நடக்கத் தொடங்கினார்கள்.

கொலை நடந்து ஆறு வாரம் கழித்து டிராம் கம்பெனியின் மேலாளரும் பொருளாளரும் ஃப்ரீ ஸ்பீச் அலுவலகத்துக்கு வந்தார்கள். எட்டு ஆண்டுக்கு முன்பு ரயில் பெட்டியிலிருந்து இழுத்துப் போடப்பட்ட பெண்ணிடம், உங்கள் மக்களை எங்கள் வண்டியில் ஏறச் சொல்லுங்கள் என்று ஒரு கம்பெனி கேட்டு நின்றது. டிராம்கள் அப்போதுதான் மின்சாரத்துக்கு மாறியிருந்தன. மின்சாரத்துக்குப் பயந்து ஏறாமல் இருக்கிறார்கள், ஆபத்தில்லை என்று நீங்கள் எழுதினால் போதும் என்றார்கள். வருமானம் எப்போதிலிருந்து குறைந்தது என்று ஐடா கேட்டார். ஆறு வாரமாக என்றார்கள். கொலை நடந்தும் ஆறு வாரம்தான் ஆகிறது என்று ஐடா கணக்கைக் காட்டினார்.

கொலைக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை, கம்பெனி முதல் போட்டவர்களே வடக்கே இருப்பவர்கள் என்று அவர்கள் வாதாடினார்கள். நடத்துவது இந்த ஊர் ஆட்கள்தானே என்றார் ஐடா. ஊரின் முக்கியமானவர்களுக்குத் தெரியாமல், அவர்கள் சம்மதமில்லாமல் அந்தக் கொலை நடந்திருக்காது என்றார். கொலையாளிகளைப் பிடித்துத் தண்டிக்க நீங்கள் ஏன் குரல் கொடுக்கவில்லை என்றும் கேட்டார். அவர்கள் போன பிறகு, பேச்சு முழுவதையும் அடுத்த இதழில் அச்சிட்டார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெரிய தேவாலயங்களுக்குப் போய், நடப்பதைத் தொடருங்கள் என்று பேசினார்.

நீதிமன்றத்தில் தோற்ற பெண்ணுக்கு இங்கே வேறொன்று கைக்கு வந்தது. யாருக்கு விற்பது என்பது கடைக்காரர் விருப்பம் என்று தீர்ப்பு சொன்னது. அப்படியானால் யாரிடம் வாங்குவது, எதில் ஏறுவது என்பது வாங்குகிறவர் விருப்பம். அந்த விருப்பத்தைத் தனித்தனியாக வைத்திருந்தபோது மதிப்பில்லை. ஓர் ஊரே சேர்ந்து வைத்தபோது கம்பெனி அதிகாரிகள் படியேறி வந்தார்கள். வெள்ளை முதலாளியின் மனச்சாட்சியோடு பேசுவதைவிட அவர் பணப்பையோடு பேசினால் சீக்கிரம் காது கேட்கும் என்ற கருத்தை அதே ஆண்டு வெளியிட்ட சிறுநூலில் எழுதினார்.

இதற்கும் எல்லை இருந்தது. மே 21ஆம் தேதி அவர் எழுதிய தலையங்கம் பாலியல் குற்றம் என்ற பொய்ச் சாக்கை உடைத்தது. வெள்ளைப் பெண்ணும் கறுப்பின ஆணும் மனமொத்துப் பழகியதையே பல இடங்களில் குற்றமாகத் திரித்தார்கள் என்பதைக் கோடிட்டுக் காட்டியது. எழுதியவர் ஆண் என்று நினைத்து, அவரை என்ன செய்ய வேண்டும் என்று வெள்ளையர் பத்திரிகைகள் வெளிப்படையாகவே எழுதின. மே 27 அன்று கும்பல் ஃப்ரீ ஸ்பீச் அலுவலகத்தை அடித்து நொறுக்கியது. ஐடா அப்போது வடக்கே பயணத்தில் இருந்ததால் உயிர் பிழைத்தார். ஊருக்குள் வந்தால் கொல்வோம் என்று ஆள் வைத்துக் காத்திருந்தார்கள். மக்கள் மளிகையைப் போலவே மக்கள் காசு கொடுத்து வாங்கிய பத்திரிகையும் போனது. அவர் போட்ட பங்கும் போனது.

நியூயார்க்கிலிருந்து எழுதினார். கொலைகளின் எண்ணிக்கையை வெள்ளையர் பத்திரிகைகளே வெளியிட்ட செய்திகளிலிருந்து தொகுத்து 1895ல் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டார். எதிரியின் கணக்கையே எடுத்தால் யார் மறுக்க முடியும்?

1893லும் 1894லும் இங்கிலாந்து, ஸ்காட்லாந்துக்குப் போய்ப் பேசினார். அவரை முதலில் அழைத்தவர்களில் ஒருவர் கேதரின் இம்பி என்ற பெண்மணி. அவர் நடத்திய பத்திரிகையின் பேர் நம் வாசகர்களுக்கு வியப்பாக இருக்கும்: ஆன்டி காஸ்ட். சாதி எதிர்ப்பு என்று பொருள். நிறவெறியைச் சாதி என்ற சொல்லாலேயே அங்கே பேசினார்கள். இந்தப் பக்கத்திலிருந்தும் அந்தப் பார்வை இருந்தது. ஜோதிராவ் புலே 1873ல் தன் குலாம்கிரி நூலை, அடிமை ஒழிப்புக்குப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார்.

மெம்ஃபிஸ் பருத்தி வாணிப நகரம். பருத்தியை வாங்குகிறவர்கள் இங்கிலாந்தின் ஆலை முதலாளிகள். வாங்குகிறவர் ஊரில் போய் விற்கிறவர் ஊரின் கொலையைச் சொன்னது வீண் போகவில்லை. 1894ல் மெம்ஃபிஸ் அருகே ஆறு கறுப்பினத்தவர் கொல்லப்பட்டபோது, நகர வணிகர்கள் கூட்டம் போட்டுக் கண்டித்தார்கள். மாஸ் செத்தபோது திறக்காத வாய்கள்.

1895ல் சிகாகோவில் வக்கீலும் பத்திரிகையாளருமான ஃபெர்டினாண்ட் பார்னெட்டை மணந்தார். தன் பேரை விடவில்லை, கணவர் பேரையும் சேர்த்து வெல்ஸ்-பார்னெட் என்று வைத்துக்கொண்டார். நான்கு பிள்ளைகள். 1913ல் தலைநகர் வாஷிங்டனில் பெண்கள் ஓட்டுரிமை ஊர்வலம் நடந்தபோது, கறுப்பினப் பெண்கள் கடைசியில் வரட்டும் என்றார்கள். அவர் கூட்டத்தில் நின்று, தன் மாநிலத்து வரிசை வந்ததும் அதில் புகுந்து நடந்தார். சிகாகோவின் பெரிய அங்காடி ஒன்றில் விற்பனையாளர்கள் அவரைக் கண்டும் காணாததுபோல் நின்றதைப் பற்றி ஒரு கதை உண்டு. ஐடா ஆண்கள் உள்ளாடை ஒன்றை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாராம். ஓடி வந்து தடுத்தார்கள். நான் வாங்கத்தான் வந்தேன், விற்கத்தான் ஆளில்லை என்று விளங்கவைத்துப் பொருளை வாங்கினார்.

விவசாயிகள் கவனிக்க வேண்டியது 1919ல் ஆர்க்கன்சா மாநிலத்து எலேன் என்ற ஊரில் நடந்தது. பருத்திக் காட்டில் வாரத்துக்குப் பயிர் செய்த கறுப்பினக் குடும்பங்கள் அங்கே நிறைய. விதை, மாவு, உப்பு, துணி எல்லாம் நிலக்காரர் கடையில் கடனுக்கு. விலையை எழுதுவதும் அவர், கணக்கை வைப்பதும் அவர். விளைந்த பருத்தியை விற்பதும் அவரே. ஆண்டு முடிவில் பாக்கி இவ்வளவு என்று ஒரு தொகை சொல்வார். விவரம் கேட்டால் கிடையாது. கடன் தீராமல் நிலத்தை விட்டுப் போகவும் முடியாது. ஜேம்ஸ் வெல்ஸ் போல எதிர்த் தெருவில் வீடு பிடிக்க இவர்களால் ஆகாது. அந்த ஆண்டு பருத்தி நல்ல விலை போனது. சங்கம் சேர்ந்தார்கள். கணக்கைக் காட்டு, எங்கள் பங்குப் பருத்தியை நாங்களே சந்தை விலைக்கு விற்கிறோம் என்பதுதான் கோரிக்கை. வக்கீலையும் பிடித்தார்கள்.

செப்டம்பர் 30 இரவு தேவாலயத்தில் சங்கக் கூட்டம் நடந்தபோது வெளியே துப்பாக்கிச் சூடு. ஒரு வெள்ளையர் இறந்தார். அடுத்த சில நாட்களில் வெள்ளையர் கும்பல்களும் படையினரும் அந்த வட்டாரத்தில் கறுப்பினத்தவரை வேட்டையாடினார்கள். இறந்தவர் நூற்றுக்கு மேல் என்பது பல ஆய்வாளர்கள் கருத்து. தண்டனையோ கறுப்பினத்தவருக்கு மட்டும்: 12 பேருக்கு மரண தண்டனை.

ஐடாவுக்கு வயது 57. தென்பகுதிக்குள் கால் வைத்து ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆகியிருந்தன. கைதிகளின் மனைவிமாரோடு சேர்ந்து, உறவுக்காரப் பெண்ணாகக் காட்டிக்கொண்டு சிறைக்குள் போனார். கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் மெதுவாகத் தாங்கள் யாரென்று தெரிந்துகொண்டு பேசினார்கள். பிறகு சொர்க்கத்தைப் பற்றிய பக்திப் பாட்டுகள் பாடினார்கள். சாவதைப் பற்றிப் பாடியது போதும், வெளியே வருவோம் என்று நம்பி வேண்டிக்கொள்ளுங்கள் என்று ஐடா கண்டிப்போடு சொன்னார். ஒவ்வொருவரிடமும் எத்தனை ஏக்கர் பருத்தி, எத்தனை ஏக்கர் சோளம், எத்தனை மாடு, பன்றி, கலவரத்தில் எது எது போனது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். 1920ல் வெளியிட்ட சிறுநூலில் ஆள் ஆளாகக் கணக்குப் போட்டு, எவ்வளவு பணம் கொள்ளை போனது என்று காட்டினார். நிலக்காரர்கள் காட்ட மறுத்த கணக்கை அவர் எழுதினார்.

1923ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கும்பலின் மிரட்டலுக்கு நடுவே நடந்த விசாரணை விசாரணையே அல்ல என்ற நிலைப்பாட்டை எடுத்தது. 12 பேரும் பிறகு விடுதலையானார்கள். அவர்களில் ஒருவர் ஐடாவின் வீட்டைத் தேடி சிகாகோவுக்கு வந்து, அன்று சிறையில் அவர் சொன்னதை நினைவுபடுத்தி நன்றி சொல்லிவிட்டுப் போனார். எலேனின் பருத்திக்குப் பணம் மட்டும் யாருக்கும் திரும்ப வரவில்லை.

1930ல் இல்லினாய்ஸ் மாநில மேலவைக்குப் போட்டியிட்டுத் தோற்றார். தன் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். கடைசி அத்தியாயம் பாதியில், ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே நிற்கிறது. 1931 மார்ச் 25 அன்று, 68 வயதில் சிகாகோவில் காலமானார். அந்தக் கையெழுத்துப் படியை மகள் ஆல்ஃபிரடா டஸ்டர் பல ஆண்டுகள் பதிப்பகம் பதிப்பகமாகக் கொண்டு அலைந்தார். 1970ல்தான் அது புத்தகமாக வந்தது. தச்சர் ஜேம்ஸ் வெல்ஸின் பூட்டிய பட்டறைக் கதை அதன் தொடக்கத்தில் இருக்கிறது.